டிஎஸ்எச் கொஞ்சம் கூடியிருக்கிறதா? லேசான தைராய்டு குறைவுக்கு, முதல் ரிப்போர்ட்டிலிருந்து மாத்திரை வரை

கம்பெனியில் எடுத்த மாஸ்டர் ஹெல்த் செக்கப், குழந்தைக்காகப் பார்க்கப் போன டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனை, முடி கொட்டுகிறது என்று போன இடத்தில் எடுத்த டெஸ்ட். இப்படி ஏதோ ஒரு வழியில்தான் பலருக்கும் தைராய்டு குறைவு தெரியவருகிறது. ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். 6.2, 7.4, 8.1 என்று ஏதாவது ஓர் எண். அன்றைக்கு ராத்திரியே மொபைலில் தேடி, ‘ஆயுள் முழுக்க மாத்திரை’ என்ற வரியில் போய் நிற்போம். தூக்கம் போய்விடும்.

அந்த எண்ணை முதல்முறையாகப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளையும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களையும் தவிர, மற்ற பெரியவர்களுக்கு லேசான தைராய்டு குறைவில் அவசரம் எதுவும் இல்லை. இன்னொரு முறை பரிசோதித்துப் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து மாத்திரையை ஆரம்பித்துவிடுவதும் நடக்கிறது. உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் பயந்துபோய் மாத்திரையைத் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான்.

அந்த எண் எதைச் சொல்கிறது

கழுத்தின் முன்பக்கம் குரல்வளைக்குக் கீழே இருக்கிற தைராய்டு சுரப்பி, முக்கியமாக டி4 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடம்பு அதைத் தேவைக்கேற்ப டி3 ஆக மாற்றிக்கொள்கிறது. தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோனான டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. கட்டட வேலையில் ஆட்கள் சுணங்கினால் மேஸ்திரியின் குரல் ஏறுவதுபோல, தைராய்டு சுணங்கினால் டிஎஸ்எச் ஏறும். அதனால்தான் டிஎஸ்எச் கூடியிருக்கிறது என்றால் தைராய்டு குறைவாக வேலை செய்கிறது என்று பொருள் கொள்கிறோம்.

பெரும்பாலான லேப்களில் பெரியவர்களுக்கான டிஎஸ்எச் அளவு சுமார் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். லேபில் இருக்கும் மெஷினைப் பொறுத்து மேல் எல்லை சற்று மாறும், சிலவற்றில் 4.2, சிலவற்றில் 4.9. ஆகவே வேறு யாருடைய ரிப்போர்ட்டோடும் ஒப்பிடாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டிலேயே அச்சிட்டிருக்கிற எல்லையைப் பாருங்கள். ஒரு லேப் ‘மில்லி யூனிட் லிட்டருக்கு’ என்றும் இன்னொன்று ‘மைக்ரோ யூனிட் மில்லிலிட்டருக்கு’ என்றும் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். இரண்டிலும் எண் ஒன்றேதான்.

ஒரு ரிப்போர்ட்டைக் கற்பனை செய்துகொள்வோம். முப்பத்து நாலு வயதுப் பெண். டிஎஸ்எச் 6.8. அதன் கீழ் வரியில் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் இருக்கும் டி4) 1.1, அந்த லேபின் எல்லை 0.8 முதல் 1.8. இங்கே பிட்யூட்டரி கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுகிறது, ஆனால் ரத்தத்தில் ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது. இதைத்தான் டாக்டர்கள் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்கிறார்கள். லேசான தைராய்டு குறைவு என்று நான் சொல்வதும் இதைத்தான். அதே ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் 25 ஆகவும் ஃப்ரீ டி4 0.5 ஆகவும் இருந்திருந்தால் அது முழுமையான தைராய்டு குறைவு. அப்போது மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை, வேண்டும்.

இது அரிதான விஷயமும் இல்லை. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பெரியவர்களிடம் எடுத்து 2013இல் வெளியான ஆய்வில், தைராய்டு குறைவு கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்களைத் தவிர இன்னும் 8 சதவீதம் பேருக்கு லேசான வகை இருந்தது. பெண்களிடம் அதிகம்.

முதல் வேலை: இன்னொரு டெஸ்ட்

மாத்திரைக்கு முன்னால், டயட்டுக்கு முன்னால், இதுதான் முதல் வேலை. டிஎஸ்எச் எல்லையைக் கொஞ்சம் தாண்டி 10க்குள் இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள். மறுபடி எடுக்கும்போது கணிசமானவர்களுக்கு எண் தானாகவே எல்லைக்குள் வந்துவிடுகிறது. டெங்கு, டைபாய்டு மாதிரி பெரிய காய்ச்சலிலிருந்து உடம்பு தேறிவரும் நாட்களில் டிஎஸ்எச் தற்காலிகமாக ஏறும். சரியான தூக்கம் இல்லாமல் நைட் ஷிப்ட் முடித்து வந்து எடுத்தாலும் மாறும். உடல் எடை அதிகமாக இருப்பதே சிலருக்கு டிஎஸ்எச்சைச் சற்று ஏற்றிவைக்கும், எடை குறைந்தால் அதுவும் இறங்கும். குழந்தை பிறந்த முதல் வருடத்தில் தைராய்டு வீக்கம் வந்து, சில மாதம் கூடி, சில மாதம் குறைந்து, பிறகு பலருக்குத் தானாகவே சரியாவதும் உண்டு.

டிஎஸ்எச் 10ஐத் தாண்டியிருந்தாலோ ஃப்ரீ டி4 குறைவாக இருந்தாலோ இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். சீக்கிரமே டாக்டரைப் பாருங்கள்.

மறுபடி எடுக்கும்போது சில விஷயங்களைக் கவனித்தால் இரண்டு எண்களையும் நியாயமாக ஒப்பிட முடியும். அதே லேபில் எடுங்கள். போன தடவை காலையில் எடுத்திருந்தால் இந்தத் தடவையும் காலையிலேயே எடுங்கள். டிஎஸ்எச் இரவிலும் விடிகாலையிலும் உயர்ந்து மதியத்துக்கு மேல் இறங்கும். லேசான நிலையில் இந்த ஏற்ற இறக்கமே ‘நார்மல்’ என்பதற்கும் ‘அதிகம்’ என்பதற்கும் நடுவில் இருக்கிற வித்தியாசமாகிவிடலாம். காய்ச்சலோடு போய் எடுக்காதீர்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். சில மெஷின்களில் பயோட்டின் குறுக்கே வந்து டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்தும் டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். முடி கொட்டுவதால் பயோட்டின் எடுக்கிறவர்களும் தைராய்டு டெஸ்ட்டுக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

என்ன டெஸ்ட் கேட்பது? டிஎஸ்எச், ஃப்ரீ டி4, அதோடு ஒரே ஒரு முறை ஆன்டி டிபிஓ. இந்த மூன்று போதும். லேப் பேக்கேஜில் வழக்கமாக வரும் மொத்த டி3யும் மொத்த டி4உம் இந்தப் பிரச்சினைக்குப் பெரிதாக உதவுவதில்லை. தைராய்டு குறைவைக் கண்டுபிடிக்க டி3 தேவையே இல்லை. கழுத்தில் கட்டியோ வீக்கமோ தென்படாத வரை ஸ்கேனும் வேண்டாம். தேவையில்லாமல் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லாத சிறு முடிச்சு தெரிந்து, அதைத் துரத்திக்கொண்டு அலைவதுதான் மிச்சமாகும்.

ஆன்டி டிபிஓ எதற்கு என்றால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று அது சொல்லும். அந்த நோயை 1912இல் முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோவின் பெயரால் ஹாஷிமோட்டோ என்கிறார்கள். டிஎஸ்எச் கூடி இந்த ஆன்டி டிபிஓ ஆன்டிபாடியும் இருக்கிற பெண்களில் வருடத்துக்கு நூற்றுக்கு நாலு பேர் அளவில் முழுமையான தைராய்டு குறைவுக்குப் போகிறார்கள் என்று இங்கிலாந்தில் இருபது வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று காட்டியது. அதாவது நூற்றில் தொண்ணூற்றாறு பேர் அந்த வருடத்தில் அங்கே போகவில்லை. ஆன்டிபாடி இல்லையென்றால் வேகம் இன்னும் குறைவு. ஒரு முறை பாசிட்டிவ் வந்துவிட்டால் அதன் அளவு 300 ஆ 900 ஆ என்று வருடாவருடம் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. சிகிச்சை அதனால் மாறப்போவதில்லை.

ஒரு விதிவிலக்கு. பிரசவத்தின்போது ரத்தம் ஏராளமாகப் போய், அதன்பின் பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல், ஓயாத அசதியோடு இருக்கிற பெண்களுக்குப் பிட்யூட்டரியே பழுதாகியிருக்கலாம். அப்போது டிஎஸ்எச் நார்மலாகவே காட்டும், ஃப்ரீ டி4 தான் குறைந்திருக்கும். இப்படி ஒரு பின்னணி இருந்தால் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். டிஎஸ்எச் மட்டும் பார்த்துவிட்டு ‘தைராய்டு ஒன்றும் இல்லை’ என்று திரும்பிவிடக் கூடாது.

அறிகுறிகள்

அசதி, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், மற்றவர்களுக்கு இதமாக இருக்கும்போது நமக்கு மட்டும் குளிர்வது, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, குரல் கரகரப்பு, முகம் உப்புதல், மறதி, மனச்சோர்வு. தைராய்டு குறைவின் அறிகுறிகள் என்று சொல்லப்படுபவை இவை. ஆனால் இந்தப் பட்டியலைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற பத்துப் பேரிடம் படித்துக் காட்டினால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். டிஎஸ்எச் 6, 7 என்று இருக்கும்போது உங்கள் அசதிக்குக் காரணம் அதுதான் என்று உறுதியாகச் சொல்லவே முடியாது.

நம் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு அதிகம் என்பது தெரிந்ததே. அதனால் தைராய்டோடு சேர்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), சர்க்கரை, பி12 இவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 9 இருக்கிறவருக்குத் தைராய்டு மாத்திரை கொடுத்தால் அசதி போகாது. டோஸ் போதவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போவார்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உடல் எடையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். லேசான தைராய்டு குறைவு பதினைந்து, இருபது கிலோ ஏற்றாது. மாத்திரை போட்டால் அவ்வளவு இறங்கவும் இறங்காது. தைராய்டு சரியாக இருக்கிறவர்கள் இளைப்பதற்காக இந்த மாத்திரையைச் சாப்பிடுவது இதயத்துக்கு ஆபத்து.

யாரைப் பார்ப்பது, என்ன சொல்வது

லேசான நிலைக்குக் குடும்ப டாக்டரோ பொது மருத்துவரோ போதும். கர்ப்பம், இதய நோய், கழுத்தில் கட்டி, சிறு குழந்தைகள், டோஸ் மாற்றி மாற்றியும் எண் நிலைக்கு வராதது, இவற்றுக்கு ஹார்மோன் நோய் நிபுணரான எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இதற்கான துறை இருக்கிறது.

போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்த டிஎஸ்எச் 5.9 என்றால், இன்றைய 6.3க்கு அர்த்தமே வேறு. மூன்று வருடமாக அது அங்கேயேதான் நிற்கிறது. சாப்பிடும் மருந்துகளையும் சொல்லுங்கள். மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியமும் இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோனும் தைராய்டைக் குறைக்கும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ தைராய்டு உண்டா, குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா, இந்த இரண்டையும் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை வேண்டுமா?

இரண்டு முறை எடுத்தும் டிஎஸ்எச் 10ஐத் தாண்டினால் பெரும்பாலான டாக்டர்கள் மாத்திரையைத் தொடங்குவார்கள்.  வாதம் அதிகம் நடப்பது எல்லைக்கும் 10க்கும் நடுவில்தான்.

2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், லேசான தைராய்டு குறைவு உள்ள, 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரையும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அசதியிலும் மற்ற அறிகுறிகளிலும் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இத்தகைய ஆய்வுகளை வைத்து 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பரிந்துரை, லேசான நிலையில் உள்ள பெரியவர்களுக்கு வழக்கமாக மாத்திரை கொடுக்க வேண்டாம் என்றது. கர்ப்பிணிகளும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும், டிஎஸ்எச் 20ஐத் தாண்டியவர்களும், கடுமையான அறிகுறி உள்ளவர்களும், வயதில் இளையவர்களும் அந்தப் பரிந்துரைக்குள் வரமாட்டார்கள்.

வயதும் முக்கியம். எழுபது, எண்பது வயதில் டிஎஸ்எச் 6, 7 என்று இருப்பது பல நேரம் அந்த வயதின் இயல்புதான். பாட்டிக்கு 6.5 என்று வந்ததும் மாத்திரை தொடங்கினால், டோஸ் சற்றே கூடினாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம். ஏற்கெனவே எலும்பு பலவீனமான வயதில் இது சின்ன விஷயம் இல்லை.

மறுபக்கம், முப்பத்தைந்து வயது, டிஎஸ்எச் இரண்டு முறையும் 8க்கு மேல், ஆன்டி டிபிஓ பாசிட்டிவ், கொலஸ்ட்ராலும் கூடுதல், அசதிக்கு வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்றால் மாத்திரையை முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அப்படித் தொடங்கும்போதே டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: “டாக்டர், ஆறு மாசம் சாப்பிட்டும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலைன்னா நிறுத்திப் பார்க்கலாமா?” நல்ல டாக்டர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மாத்திரை வேண்டாம் என்று முடிவானால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒருமுறை டிஎஸ்எச் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாத்திரையைச் சாப்பிடும் முறை

மருந்தின் பெயர் லீவோதைராக்சின். தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று பல பெயர்களில் வருகிறது. உள்ளே இருப்பது ஒன்றுதான், நம் தைராய்டு சுரக்கிற அதே டி4. இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக் கட்டுப்பாடு உண்டு. மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். லேசான நிலைக்கு வழக்கமாக 25 அல்லது 50 மைக்ரோகிராமில் தொடங்குவார்கள். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25.

இந்த மாத்திரை பலருக்கு வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் காபி. தண்ணீரோடு வெறும் வயிற்றில் போட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ, டிபன் எல்லாம். சொல்வது சுலபம். ஐந்தரைக்கே டிகாக்‌ஷன் இறங்கிவிடும் வீட்டில், எழுந்து வந்து பல் துலக்கி மாத்திரையைப் போடுவதற்குள் டம்ளரும் டபராவும் மேடைக்கு வந்துவிடும். “ஆறிப்போகுது பாரும்மா, குடிச்சிட்டு வேலையைப் பாரு” என்பார் மாமியார். “இப்பதான் மாத்திரை போட்டேன் அத்தை, ஆறரைக்கு நானே சூடு பண்ணிக்கிறேன்” என்று ஒருநாள் சொல்லிவிட்டால் வீட்டுக்கே பழகிவிடும். அது முடியாவிட்டால் மாத்திரை டப்பாவையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கண் விழித்த உடனே, கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். குளித்து வாசல் தெளித்து வருவதற்குள் அரை மணி ஓடிவிடும்.

வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். எலுமிச்சை தேன் வெந்நீர், வெந்தயத் தண்ணீர், கற்றாழை ஜூஸ் எல்லாம் பிறகு. பச்சைத் தண்ணீர் மட்டும்.

காலை சரிப்படாதவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம்: ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது. ரமலான் நோன்பு இருப்பவர்களுக்கும் இது வசதி. அல்லது சஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளலாம். எந்த நேரமாக இருந்தாலும் தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம்.

இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட், இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் நாலு மணி நேரம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் கால்சியமும் சேர்த்தே கொடுப்பார்கள். அவர்கள் காலை ஆறுக்குத் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம், ராத்திரி இரும்பு என்று பிரித்துக்கொண்டால் மூன்றும் ஒன்றையொன்று தடுக்காது. கேஸ் மாத்திரை என்று தினமும் பேன்டோப்ரசோல் போடுகிறவர்களுக்கும் தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வது குறையலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்துக் கடையில் டப்பாவைக் கையில் வாங்கியதும் எண்ணைப் பாருங்கள். “50 ஸ்டாக் இல்லம்மா, 25 தரேன், ரெண்டா போட்டுக்கோங்க” என்று கொடுப்பது உண்டு. அந்த மாதம் அது சரிதான். அடுத்த மாதம் 50 வந்த பிறகும் பழக்கத்தில் இரண்டு போட்டால் டோஸ் இரட்டிப்பாகிவிடும். வெளிநாட்டு டப்பாவில் 0.05 மில்லிகிராம் என்று இருந்தால் அது நம் 50 மைக்ரோகிராம்தான். கம்பெனியை அடிக்கடி மாற்றாதீர்கள். மாற்ற வேண்டி வந்தால் ஆறு வாரம் கழித்து ஒரு டிஎஸ்எச் எடுத்துவிடுங்கள்.

இது சூட்டுக்கும் ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் தாங்காத மருந்து. அடுப்புக்கு மேலிருக்கும் அலமாரியும் ஃபிரிட்ஜின் தலையும் இதற்கு இடமில்லை. வந்த டப்பாவிலேயே மூடியை இறுக மூடி, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் எடுக்காமல் வையுங்கள்.

ஒருநாள் மறந்தால் பதற வேண்டாம். இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். மறுநாள் வழக்கம்போல் தொடருங்கள்.

டோஸ் சரியா என்று பார்ப்பது

அதே காரணத்தால்தான் மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் டிஎஸ்எச் எடுத்தால் பயன் இல்லை. தொடங்கியதிலிருந்து, அல்லது டோஸ் மாற்றியதிலிருந்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுங்கள். அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போடுங்கள். எண் நிலைக்கு வந்துவிட்டால் அப்புறம் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை போதும்.

படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை, காரணமில்லாமல் எடை குறைதல் இருந்தால் டோஸ் கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும். டிஎஸ்எச் 0.1 என்று வந்தால் ‘நல்லா குறைஞ்சிடுச்சு’ என்று சந்தோஷப்படாதீர்கள். மருந்து அதிகம் என்று அர்த்தம்.

கர்ப்பம்

இங்கே மட்டும் நிதானம் கூடாது. முதல் மூன்று மாதங்களில் குழந்தை பெரும்பாலும் தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. குழந்தைக்கு முயற்சி செய்யும்போதே டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர்களுக்கு டிஎஸ்எச்சை 2.5க்குக் கீழே கொண்டுவந்துவிட்டுக் கருத்தரிக்கச் சொல்வார்கள். நாள் தள்ளிப்போய் டெஸ்ட்டில் உறுதியானால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். பலருக்கு டோஸை 25 முதல் 30 சதவீதம் வரை கூட்ட வேண்டியிருக்கும். கர்ப்பத்தின் முதல் பாதியில் நாலு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச். ‘கர்ப்பத்தில் மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்கு ஆகாது’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இது உடம்பில் ஏற்கெனவே இருக்கிற ஹார்மோன்தான்; நிறுத்துவதுதான் குழந்தைக்குக் கெடுதல். தாய்ப்பால் கொடுக்கும்போதும் தொடரலாம்.

கல்யாணப் பேச்சில் பெண்ணுக்குத் தைராய்டு இருப்பதை மறைத்து, கல்யாணமான வீட்டில் மாத்திரை டப்பாவை ஒளித்து வைத்து, நாளடைவில் நிறுத்தியே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கருத்தரிக்கும் காலத்தில் மாத்திரை இல்லாமல் போவது இப்படித்தான். பெற்றவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். தினம் ஒரு சிறு மாத்திரையோடு எல்லாரையும்போல் பிள்ளை பெற்று வாழ முடிகிற ஒரு விஷயத்துக்கு இவ்வளவு பயம் தேவையே இல்லை.

சாப்பாடு

தைராய்டுக்கு ஆகாது என்று பலர் ஒதுக்கும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிடலாம். அயோடின் உப்பைப் பயன்படுத்துங்கள். மூட்டையில் வாங்கும் கல்லுப்பில் அயோடின் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்காக அயோடின் மாத்திரையோ கடல்பாசி மாத்திரையோ வாங்கிப் போடாதீர்கள், அதிக அயோடினும் தைராய்டைக் கெடுக்கும். அமுக்கரா சூரணம் தைராய்டு ஹார்மோனைக் கூட்டியதாகப் பதிவுகள் உண்டு என்பதால், சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நிறுத்திப் பார்க்கலாமா?

ஒரே ஒரு ரிப்போர்ட்டில் 5, 6 என்று வந்ததற்காகப் பல வருடத்துக்கு முன்னால் 25 மைக்ரோகிராம் தொடங்கி இன்றுவரை சாப்பிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் இதை டாக்டரிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தொடங்குவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் சம்மதித்தால் நிறுத்திவிட்டு ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச்சும் ஃப்ரீ டி4உம் எடுத்துப் பார்ப்பார்கள். எல்லைக்குள் இருந்தால் பிறகு அவ்வப்போது டெஸ்ட் மட்டும்; ஏறியிருந்தால் மாத்திரை உண்மையிலேயே தேவை என்று தெரிந்துவிடும், மனநிறைவோடு சாப்பிடலாம். ஆனால் அறுவை சிகிச்சையில் தைராய்டை எடுத்தவர்கள், ரேடியோ அயோடின் சிகிச்சை பெற்றவர்கள், தொடங்கும்போதே டிஎஸ்எச் 10க்கு மேல் இருந்தவர்கள், கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்கள், இவர்களில் யாரும் மாத்திரையைத் தாமாக ஒருநாள்கூட நிறுத்திப் பார்க்கக் கூடாது.